அம்மா பெயருக்கு வந்த மணியார்டர்

1

அம்மா செத்துப் போய் நேற்றோடு ஒரு வருடம் முடிந்தது. நான் லீவு போடவில்லை. லீவு கேட்டால் காரணம் கேட்பார்கள். அதை ஜெர்மனில் சொல்ல எனக்குத் தெரியும், வாய் வரவில்லை. காலையில் வழக்கமான ரயிலில் ஏறி வேலைக்குப் போனேன்.

ஹாம்பர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. உருளைக்கிழங்கு தோல் சீவுவது, சூப்புப் பாத்திரம் கழுவுவது, மாடிக்குத் தட்டு கொண்டுபோவது. என் மனைவி லில்லி அதே இல்லத்தில் நர்ஸ். கோட்டயத்துக்காரி. ஹாம்பர்க்கில்தான் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டோம். ஒரே பெண், அனிதா, பத்து வயது. நான் தமிழில் கேட்பதற்கு ஜெர்மனில் பதில் சொல்வாள். இப்போது கேட்பதையும் குறைத்துக்கொண்டேன்.

நேற்று ஒன்றாந்தேதியும்கூட. ஒன்றாந்தேதி என்றால் முதல் மாடியில் இருக்கும் பெக்கர் அம்மாள் ஒன்பது மணிக்கெல்லாம் உதட்டுச் சாயம் போட்டு, முத்துமாலை மாட்டிக்கொண்டு, கைப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். எண்பது வயதைத் தாண்டியவள். அவளுடைய பென்ஷன் முழுக்க இல்லத்துக்கே போய்விடுகிறது. கைச்செலவுக்கு என்று கொஞ்சம் மட்டும் ஒரு உறையில் போட்டு ஆபீஸ் பெண் கொண்டுவந்து கொடுப்பாள். அதற்கு நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் முத்துமாலை.

நான் காப்பித் தட்டை வைக்கும்போது கேட்டாள்: "உன் ஊரில் வயதானவர்களுக்குப் பென்ஷன் உண்டா? உன் அம்மாவுக்கு வந்ததா?"

"வந்தது" என்றேன்.

"எதனால் கொடுத்தார்கள்?"

"நான் செத்துப் போனதால்."

அவள் சிரித்துவிட்டாள். பள்ளிக்கூட வாத்தியாரம்மா போல விரலை ஆட்டினாள். "உன் அப்பா செத்துப் போனதால் என்று சொல்லவேண்டும். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய், இன்னும் 'நான்', 'அவர்' எல்லாம் மாறிப்போகிறதே!"

"ஆமாம், அப்பா" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

என் ஜெர்மன் மோசம்தான். 'கஷ்டம்' என்று சொல்ல நினைத்து 'கனம்' என்று சொல்லிவிடுவேன். ஆனால் நேற்று நான் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. அதை ஒரு தடவையாவது என் பாஷையில், சொன்னால் புரிகிறவர்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

எங்களுக்குப் பூர்வீகம் கீழ்பென்னாத்தூர் பக்கம். கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மூன்று வருடம் மழை ஏமாற்றியதும் அப்பா அதை விற்றுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்து எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா அதே மில்லுக்கு மல்லாட்டை உடைத்தாள். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அம்மாவின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நகம் தேய்ந்து மழமழவென்று இருக்கும். அவள் பெயர் பச்சையம்மா. மில்லில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ மூணாவது வரிசை" என்பார்கள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபோது அப்பா இல்லை. தேரடிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் பாயாக இருந்தேன். அங்கே தங்க வந்த ஒருவர் மூலமாக மெட்ராஸ் துறைமுகம், அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலின் சமையலறை. எழுபதுகளின் தொடக்கம் அது. போகும்போது அம்மாவும் தங்கை சரோஜாவும் ஸ்டேஷன்வரை வந்தார்கள். அதற்கு முந்தின நாள் அம்மா என்னோடு ஸ்டுடியோவுக்கு வந்து, என்னைத் தனியாக நிற்க வைத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் ஒழுங்காகப் பணம் அனுப்பினேன். சரோஜா கல்யாணம் அதில்தான் நடந்தது. மாப்பிள்ளை ஏழுமலை, ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஜட்கா ஓட்டுகிறவர். பிறகு ஒரு பயணத்தில் கப்பல் ஹாம்பர்க்கில் நின்றபோது நான் இறங்கிப் போய்த் திரும்பவில்லை. ஏன் என்று இப்போது கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் சொல்ல முடியாது. என்னோடு இருந்தவன் இறங்கினான், நானும் இறங்கினேன். ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் பாத்திரம் கழுவினேன். அங்கே தங்குவதற்கான பேப்பர் கிடையாது. சம்பளம் முதலாளி கொடுத்தால் உண்டு. கடிதம் எழுதினால் முகவரி தெரிந்துவிடும், போலீஸ் வரும் என்று உடன் இருந்தவர்கள் பயமுறுத்தினார்கள். முதலில் பயத்தால் எழுதவில்லை. பிறகு, இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டு இப்போது என்னவென்று எழுதுவது என்று எழுதவில்லை. அப்படியே ஐந்து வருடம் போய்விட்டது.

3

அந்த ஐந்து வருடத்தில் அங்கே நடந்ததை நான் பார்த்ததில்லை. சரோஜா சொன்னது கொஞ்சம், அம்மாவே சொன்னது கொஞ்சம்.

அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. பருப்பில் தோல் கலக்கிறது என்று மில்லில் நிறுத்திவிட்டார்கள். சரோஜா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரே அறை. சரோஜாவுக்கு அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள். ஊரில் பஸ் பெருகப் பெருக ஜட்காவில் ஏறுகிறவர்கள் கம்மியானார்கள். குதிரைக்குக் கொள்ளு வாங்கினால் வீட்டுக்கு அரிசி இல்லை.

"அவரு ஒரு வார்த்த கூட சொன்னதில்லண்ணா. அம்மா தட்டுல சோறு போடுறப்ப ஒரு பார்வ பாப்பாரு, அவ்ளோதான்" என்றாள் சரோஜா. அந்தப் பார்வைக்காக அம்மா, அவர் சாப்பிட்டு வெளியே போனபிறகுதான் சாப்பிடுவாள். "பசிக்கலடி" என்பாள். காலையில் டீ வேண்டாம் என்றாள். வெற்றிலையை விட்டாள். பிள்ளைகளுக்கு உடம்பு சுட்டால் "என்னாலதான், நான் இருமிகினே இருக்கறேன்" என்று வாசலில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

முதியோர் பென்ஷன் என்று ஒன்று இருப்பதை எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள். அம்மா தனியாகவே தாலுகா ஆபீசுக்கு நடந்து போனாள். வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்.

"புருஷன்?"

"இல்லைங்க."

"நிலம், வீடு?"

"ஒண்ணும் இல்லைங்க."

"ஆம்பளப் புள்ள?"

"ஒருத்தன் இருக்கறான். கப்பலுக்குப் போனான். தகவலே இல்ல."

அவர் பேனாவை மூடிவிட்டாராம். "வயசு வந்த மகன் இருக்கறான்னு எழுதினா வராதும்மா. காப்பாத்த ஆளு இல்லாதவங்களுக்குத்தான் இது. யோசன பண்ணிட்டு வா."

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். நாலாம் நாள் மறுபடி போனாள்.

"இல்லன்னு எழுதுங்க."

"இல்லன்னா எப்பிடி? செத்துட்டானா?"

"இல்லன்னு எழுதுங்க சாமி."

அவர் 'மகன் காலமாகிவிட்டான்' என்றுதான் எழுதினார். படித்துக் காட்டினார். அம்மா கைநாட்டு வைத்தாள்.

விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வருவார் என்று தெரிந்ததும், அம்மா சுவரில் மாட்டியிருந்த என் படத்தை இறக்கித் துடைத்து, கண்ணாடியில் குங்குமம் வைத்து, பூக்காரியிடம் ஒரு முழம் வாங்கி மாலையாகப் போட்டாள். சரோஜா அழுது சண்டை போட்டிருக்கிறாள். "இன்னாம்மா இது, உசுரோட இருக்கறவனுக்கு! நாளைக்கே வந்து நின்னா?"

"வரட்டும்டி. வந்தா எடுத்துடலாம். இப்ப அவர் வரப்போறாரு, நவுரு."

அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "கப்பல்ல போனவன், போயிட்டான் சார்." இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்து ஒரு நிமிடம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாராம்.

4

ஆறு மாதம் கழித்து முதல் மணியார்டர் வந்தது. பெரிய தொகை இல்லை. ஒரு ஆளுக்கு மாதம் முழுக்க அரிசி வாங்கவே போதாது. ஆனால் தேதி தவறினாலும் மாதம் தவறாது.

போஸ்ட்மேன் தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு, "பச்சையம்மா! பச்சையம்மா யாரு?" என்று கூப்பிட்டாராம். அம்மாவுக்கு அது தன்னைத்தான் என்று உடனே தெரியவில்லை. சரோஜா தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அதில் பெரும்பங்கை அம்மா அப்படியே சரோஜாவிடம் கொடுத்துவிடுவாள். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொள்வாள். ஜட்காவில் வரும் பணம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த வீட்டில் நிச்சயமாக வரும் பணம் அதுதான். மளிகைக்கடைக்காரர் "பச்சையம்மா வீடு" என்று சொல்லத் தொடங்கினார். அம்மா காலையில் டீக்கடைக்குப் போய் நின்றுகொண்டே ஒரு டீ குடிப்பாள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்கினாள். பேத்திக்கு ஜுரம் வந்தபோது தானே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

ஏழுமலை ஒருநாள் தட்டின் முன் உட்கார்ந்துவிட்டு, "அத்த சாப்டாங்களா?" என்று கேட்டார். சரோஜா இதைச் சொல்லும்போது அழுதாள். அன்றிலிருந்து அம்மா எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாளாம்.

நான் செத்துப் போனதால் அந்த வீட்டுக்கு நடந்தது இதுதான். கேட்டபோது எனக்கு வருத்தமும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. யாரோ ஒரு வீட்டுக் கதையைக் கேட்பதுபோல இருந்தது.

5

லில்லியைக் கல்யாணம் செய்து, வக்கீல் வைத்து, வெளிநாட்டவர் ஆபீசில் வருடக்கணக்காக வரிசையில் நின்று, கடைசியில் இங்கே தங்கலாம் என்று எனக்கு முத்திரை கிடைத்தது. அன்று மாலையே வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம். இனி மாதாமாதம் அம்மாவுக்கு மணியார்டர் அனுப்புகிறேன் என்றும் எழுதினேன்.

சரோஜாவின் பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. "அண்ணா, நீ உயிரோடு இருப்பது தெரிந்து அம்மா மூன்று நாள் கோயிலுக்குப் போய் வந்தாள். ஆனால் அம்மா பெயருக்குப் பணம் அனுப்பாதே. அம்மாவுக்குப் பென்ஷன் கொண்டு வருகிற போஸ்ட்மேனும் இவர்தான். உன் கடிதத்தையே என் பெயருக்கு வந்ததாகச் சொல்லி வாங்கினேன்." பிறகு நடந்த எல்லாவற்றையும் எழுதியிருந்தாள்.

அதனால் ஏழுமலை பெயரில் பாங்கில் கணக்குத் தொடங்கச் சொல்லி அதற்கு அனுப்பினேன். அவர் அந்தப் பணத்தில் குதிரையையும் வண்டியையும் விட்டுவிட்டு ஆட்டோ வாங்கினார். நல்ல காரியம்தான். அம்மாவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்குத்தான் பென்ஷன் வருகிறதே என்று அவர்களும் நினைத்திருப்பார்கள், நானும் நினைத்தேன்.

எண்பதுகளின் நடுவில் மூன்று பேரும் ஊருக்குப் போனோம். அம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள்: வீட்டுக்கு வரவேண்டாம். லாட்ஜில் தங்கு. மலை சுற்றுகிற பாதையில் அடி அண்ணாமலையில் வந்து பார்க்கிறேன்.

நான் ரூம் பாயாக இருந்த லாட்ஜிலேயே அறை எடுத்தேன். முதலாளி மாறியிருந்தார், யாருக்கும் என்னைத் தெரியவில்லை. மறுநாள் காலை அடி அண்ணாமலையில் ஒரு சோடாக்கடை பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். நான் கிட்டே போய் நிற்கும்வரை அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாத்திரம் கழுவிக் கழுவி வெடித்த கை.

"என்னா முருகேசா, கை இப்பிடி ஆயிடுச்சு?"

"தண்ணியிலயே வேலம்மா."

அனிதாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அனிதா என்னிடம் ஜெர்மனில், "இவர்கள் ஏன் வீட்டுக்கு நம்மைக் கூப்பிடவில்லை?" என்று கேட்டாள். "கொழந்த இன்னா கேக்குது?" என்றாள் அம்மா. "மலை எவ்வளவு உயரம்னு கேக்குது" என்று சொல்லிவிட்டேன்.

"அம்மா, எதுக்கும்மா இப்பிடி ஒளிஞ்சு ஒளிஞ்சு? அதப்போல பத்து மடங்கு நான் தரேன். பென்ஷன் வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம்."

அம்மா உடனே சொன்னாள்: "வேணாம்டா. உன் காசு மாப்ள கைக்கு வருது. சரோஜா கேட்டா குடுப்பாரு. நான் சரோஜாகிட்ட கேக்கணும். இது எங்கிட்ட வருது. யாரையும் கேக்க வேணாம். அவங்கதான் எங்கிட்ட கேக்கறாங்க."

"நான் செத்துட்டேன்னு எழுதி வாங்குறது உனக்கு ஒரு மாதிரியா இல்லயா?"

"இருந்துச்சு" என்றாள். "அப்புறம் போயிடுச்சு. நீ உசுரோட இருக்கறது எனக்குத் தெரியாதா? ஆபீசுக்குத் தெரியாட்டி இன்னா?"

6

இனிமேல் எழுதப்போவதை லில்லிக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

ஊரில் இருக்கும் பெற்றோரைக் காப்பாற்றுகிறவர்களுக்கு ஜெர்மனியில் வருமான வரியில் கொஞ்சம் குறைப்பார்கள். அதற்கு ஒரு பாரம் உண்டு. இந்த அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை, மகன்தான் காப்பாற்றுகிறார் என்று உள்ளூர் அதிகாரி கையெழுத்திட்டு முத்திரை வைக்கவேண்டும். நான் அந்தப் பாரத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. தாலுகா ஆபீசில் எத்தனையோ மேசை, எத்தனையோ பேர். ஒரு மேசையில் இருப்பது இன்னொரு மேசைக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஹாம்பர்க் ஆபீசுகளில் நான் பட்டதை வைத்து அப்படித்தான் தோன்றியது.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நாற்பது வயதுக்காரர், மரியாதையானவர். வெளிநாட்டுப் பாரம் என்றதும் நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார். அம்மா பெயரையும் தெருவையும் படித்தார். பிறகு எழுந்து போய் ஒரு நீளமான ரிஜிஸ்டரை எடுத்துவந்து விரலால் வரிசையாகத் தேடினார்.

"இந்தம்மாவுக்கு ஓ.ஏ.பி. போகுதே சார், முதியோர் பென்ஷன். நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?"

அண்ணன் மகன் என்று சொல்லியிருக்கலாம். பாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. டீ கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

"மகன்" என்றேன்.

சொன்ன அந்த நொடியில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைத்து எழுதக்கூடாது. பதின்மூன்று வருடம் கழித்து அந்த ஊரில் ஒரு ஆளிடம் நான் பச்சையம்மா மகன் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"மகன் காலமாயிட்டாருன்னு இருக்குதே சார்."

அவர் ரிஜிஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் விசாரிச்சது இல்ல, எனக்கு முன்னால இருந்தவர். பழச யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா பாத்துட்டேன் சார். பாக்காத மாதிரி இருக்க முடியாது. உங்க பாரத்துல நான் கையெழுத்துப் போட்டா பென்ஷன் நிக்கணும். பென்ஷன் தொடரணும்னா இத நான் எழுதக்கூடாது. ரெண்டுல ஒண்ணுதான்."

"அம்மாவ நான் பாத்துக்கறேன் சார்" என்றேன்.

"அதான சார் நல்லது" என்றார் அவர். உண்மையிலேயே அப்படி நினைத்துத்தான் சொன்னார். மாலைக்குள் தாசில்தார் கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆகிவிட்டது. என்னிடம் யாரும் காசு கேட்கவில்லை.

மறுநாள் அடி அண்ணாமலையில் அதே கடை பெஞ்சில் அம்மாவிடம் சொன்னேன். பாரத்தைப் பற்றியும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"இந்த மாசமே நின்னுடுமா?"

"ஆமாம்மா."

பெஞ்சில் கை ஊன்றி எழுந்தாள்.

"சரி, எழுந்திரு. இனிமே நீ வூட்டுக்கே வரலாம்."

7

மீதி ஆறு நாளும் வீட்டில்தான் இருந்தோம். சரோஜா கறி எடுத்துச் சமைத்தாள். தெருவே வந்து பார்த்தது. என்னைச் செத்துப் போனவன் என்று விசாரணையில் சொன்னவர்கள் எல்லோரும் வந்து சிரித்துப் பேசினார்கள். சரோஜா என் படத்தில் இருந்த குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தாள். சட்டத்தின் ஓரத்தில் இறங்கிய சிவப்பு மட்டும் போகவில்லை.

ஹாம்பர்க் திரும்பியதும் முன்பைவிட ஜாஸ்தியாக அனுப்பினேன், ஏழுமலை கணக்குக்கே. வரிப்பணம் திரும்பி வந்தது. அதில் ஒரு துணி துவைக்கும் மெஷின் வாங்கினோம். அங்கே வீட்டுக்குத் தளம் போட்டார்கள். டிவி வந்தது. பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம் போனார்கள். கஷ்டம் என்று சொல்ல அந்த வீட்டில் எதுவும் இல்லை. ஏழுமலை மாமியாரைக் குறைவாக நடத்தவில்லை. மூன்று வேளையும் சாப்பாடு, துவைத்த சேலை, இருமலுக்கு மருந்து.

சரோஜாவின் கடிதங்களில் அம்மாவைப் பற்றி ஒரு வரி, இரண்டு வரி இருக்கும். "அம்மா டீக்கடைக்குப் போவதில்லை. வீட்டிலேயே போட்டுத் தருகிறேன், வேண்டாம் என்கிறாள்." "என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்கிறாள்." "நாங்கள் டிவி பார்க்கும்போது அம்மா சாப்பிட்டுவிடுகிறாள், தனியாக." ஒவ்வொரு கடிதத்தையும் படித்து டிராயரில் போட்டேன். பணம் போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரியும், அதற்குமேல் நினைக்கவில்லை. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இரண்டே நாளில் போய்விட்டாள். தந்தி என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. லில்லி அழுதாள். நான் அன்று இரண்டாவது ஷிப்டுக்கும் போனேன்.

8

போன வாரம் சரோஜாவிடமிருந்து ஒரு கனமான உறை வந்தது. வருடத் திவசத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்து பழைய தபால்களைப் பிரித்தபோது அகப்பட்டதாம். அம்மா செத்த மாதத்தில் தாலுகா ஆபீசிலிருந்து வந்த கடிதம். அந்தக் களேபரத்தில் யாரும் பிரிக்கவில்லை. "அம்மா மறுபடி மனு கொடுத்தது எங்களுக்கே தெரியாது அண்ணா. எப்போது போனாள், யாரோடு போனாள் என்றும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள்.

மேலே இருந்தது டைப் அடித்த நாலு வரி. மகன் உயிருடன் வெளிநாட்டில் இருப்பதாலும் போதிய உதவி செய்து வருவதாலும் மனு நிராகரிக்கப்படுகிறது. பின்னால் அம்மாவின் மனுவைக் குத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நல்ல கையெழுத்து. மரத்தடிக்காரர் அம்மா சொன்னதை மாற்றாமல் எழுதியிருக்கிறார்.

"முன்பு என் மகன் இறந்துவிட்டதாகச் சொன்னது பொய். அவன் இருக்கிறான். நல்ல பிள்ளை. மாதாமாதம் பணம் அனுப்புகிறான். மருமகன் வீட்டில் எனக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் என் பெயருக்கு ஒன்றும் வருவதில்லை. முன்பு கொடுத்ததில் பாதி கொடுத்தாலும் போதும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கீழே கைநாட்டு. தேய்ந்த விரல் என்பதால் ரேகையே விழவில்லை. ஊதா மையில் வெறும் வட்டம்.

பென்ஷன் நின்றபிறகு அம்மா பெயரில் ஒரு கணக்குத் தொடங்கியிருக்கலாம். அவள் பெயருக்கே மணியார்டர் போகும்படி செய்திருக்கலாம். தடுக்க ஒரு ரூலும் இல்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை. அரசாங்கத்திடம் கேட்டிருக்கிறாள்.

அனிதா வந்து தோளுக்குப் பின்னால் நின்று, "இது என்ன?" என்று ஜெர்மனில் கேட்டாள். பாட்டி எழுதிய கடிதம் என்றேன். படித்துக்காட்டச் சொன்னாள். தமிழிலேயே படித்தேன். பாதியில் அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் முடிக்கும்வரை நின்றாள்.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் பாங்குக்குப் போனேன். இந்தியாவுக்குப் போகும் பணத்தை இனி ஏழுமலை கணக்குக்கு அல்ல, சரோஜாவின் பெயருக்கே அனுப்பவேண்டும் என்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தாள். பழைய பெயர், புதிய பெயர், உறவு எல்லாம் நிரப்பினேன். மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதன்மேல் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

"அது கட்டாயமில்லை" என்றாள் அந்தப் பெண்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.